பிரஸ்பிட்டேரியன்: மூப்பர் சபை என்னும் பழைய தமிழ்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்), லுத்தரன், இரட்சணிய சேனை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவைச் சொன்னால்தான் "அது யார் ஆரம்பித்த சபை?" என்று கேட்பார்கள். லுத்தரன் என்பது மார்ட்டின் லுத்தர் என்ற ஆளின் பெயரிலிருந்து வந்தது. இது அப்படியல்ல, ஒரு பொறுப்பின் பெயர். நம் வீட்டு வேதாகமத்தில் அந்தப் பொறுப்பு நல்ல தமிழிலேயே இருக்கிறது: மூப்பர்.

கிரேக்கத்தில் பிரெஸ்புஸ் என்றால் வயதானவர், பிரெஸ்புதெரோஸ் என்றால் மூத்தவர். லத்தீனில் பிரஸ்பிட்டர் ஆகி, அப்புறம் தேய்ந்து ஆங்கிலத்தில் பிரீஸ்ட் என்றும் ஆனது இதுதான். வெள்ளெழுத்துக்குக் கண் மருத்துவர்கள் சொல்லும் பிரஸ்பயோபியாவிலும் இதே வேர்தான் இருக்கிறது.

தமிழில் மூத்தல், மூப்பு, மூத்தவர் எல்லாம் ஒரே குடும்பம். இந்தச் சொல்லில் வயதோடு தலைமையும் சேர்ந்தே வரும். கேரளத்து அட்டப்பாடியின் பழங்குடி மலை ஊர்களில் தலைவரை இன்றும் மூப்பன் என்கிறார்கள். 'அறனறிந்து மூத்த அறிவுடையார்' என்று 441ஆம் குறள் சொல்வது வெறும் நரைத்த தலையை அல்ல. சபை மூப்பரும் அப்படித்தான், கிழவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

16ஆம் நூற்றாண்டில் ஜெனிவாவில் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த ஒழுங்கை ஜான் நாக்ஸ் என்ற போதகர் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். பேராயர் (பிஷப்) என்று தனியாக ஒருவர் மேலே இருப்பதில்லை. சபையார் தெரிந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் கூடிச் சபையை நடத்துவார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். 17ஆம் வசனத்தில் பவுல் எபேசு சபையின் 'மூப்பரை' வரவழைக்கிறார். 28ஆம் வசனத்தில் அதே ஆட்களைக் 'கண்காணிகள்' என்கிறார். பிஷப் என்ற பதவிப் பெயர் வளர்ந்தது இந்த இரண்டாவது சொல்லின் கிரேக்க மூலத்திலிருந்துதான். இரண்டும் ஒரே ஆட்களைக் குறிக்கும்போது ஒருவரை மற்றவருக்கு மேலே ஏன் வைப்பது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது வலுவான வாதமாகவே படுகிறது.

1 தீமோத்தேயு 5:17 'நன்றாய் விசாரிக்கிற மூப்பர்களை'ப் பற்றிப் பேசி, அவர்களில் உபதேசத்தில் பிரயாசப்படுகிறவர்களை விசேஷமாகச் சொல்கிறது. போதிக்கும் மூப்பர், ஆளும் மூப்பர் என்ற பிரிவு இங்கிருந்து வந்தது. ஆனால் ஆளும் என்பதைவிட, மொழிபெயர்த்தவர்கள் போட்ட விசாரிக்கிற என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நோய் விசாரிப்பது, துக்கம் விசாரிப்பது என்று நாம் சொல்வதில்லையா? ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் போய் ஜெபிப்பது, சாவு வீட்டில் அடக்கம் முடியும்வரை நிற்பது, பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பது, அசனம் என்னும் சபை விருந்துக்கு அரிசி சேர்ப்பது, எல்லாமே விசாரிப்புதான். 'சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக' என்று யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவனுக்குச் சொல்வதும் இதைத்தான். பதவி பெரிதாக இருந்து வீடு தேடிப் போகாதவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையின் வேர் இலண்டன் மிஷன் என்ற ஊழியச் சங்கத்தில் இருக்கிறது. 1806இல் அதன் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அந்த மிஷனின் வழக்கம் மூப்பர் ஆட்சி அல்ல, அந்தந்தச் சபை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் முறை. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில்தான் அது பிரஸ்பிட்டேரியன் மரபோடு சேர்ந்தது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் இணைந்து சிஎஸ்ஐ ஆனது. அங்கே பேராயரும் உண்டு. குருப்பட்டம் பெற்றவருக்குப் பிரஸ்பிட்டர் என்ற பெயரும் உண்டு.

அதனால் தமிழில் எழுதும்போது இடம் பார்த்து எழுதவேண்டும். பிரஸ்பிட்டேரியன் சபைக்கு மூப்பர் ஆட்சிச் சபை, சுருக்கமாக மூப்பர் சபை சரி. பல சபைகளின் மூப்பர்கள் கூடும் பிரஸ்பிட்டரிக்கு மூப்பர் சங்கம் என்று எழுதலாம். 1 தீமோத்தேயு 4:14இல் 'மூப்பராகிய சங்கத்தார்' என்று ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் சொல் செய்யவேண்டாம். சிஎஸ்ஐயின் பிரஸ்பிட்டரை மட்டும் மூப்பர் என்று எழுதினால் குழப்பம் வரும். அவருக்குப் போதகர் அல்லது ஆயர் போதும்.