கடிவாயில் ஒட்டிய எச்சில்: ஜெர்மனி தன் ஓநாய்களை எண்ணும் விதம்

2023–24 கண்காணிப்பு ஆண்டில் ஜெர்மனியில் 209 ஓநாய்க் குடும்பங்கள், 46 இணைகள், 19 தனி ஓநாய்கள். "இரவில் அலையும் விலங்கை இவ்வளவு கச்சிதமாக எண்ண முடியுமா? குத்துமதிப்புதானே?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். இல்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சான்று உண்டு.

வேட்டையாடி ஒழிக்கப்பட்ட ஓநாய், 2000இல் சாக்சனியின் முஸ்காவ் ராணுவப் பயிற்சி நிலத்தில் மீண்டும் குட்டி போட்டது. பெற்றோர் போலந்திலிருந்து வந்தவை. அங்கிருந்து மேற்கே பரவின.

தலைகளை எண்ணினால் கணக்கு நிற்காது. வசந்தத்தில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும், பல சாகும், வளர்ந்தவை வெளியேறும். அதனால் தாய், தந்தை, குட்டிகள் சேர்ந்த குடும்பமே அலகு. ஆண்டுக்கணக்கும் குட்டி பிறக்கும் மே மாதத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்தடுத்த இரு ஓநாய் வாழ்பரப்புகளில் கேமரா காட்டும் குட்டிகள் ஒரே குடும்பமா, இரண்டா? அங்கேதான் எச்சில் கைகொடுக்கிறது.

கொல்லப்பட்ட ஆட்டின் தொண்டையில் பல் பதிந்த துளைதான் மாதிரி எடுக்கும் இடம். தின்ற இடத்தைத் தொடக் கூடாது; நரி அங்கே வாய் வைத்திருக்கும். கடிவாயைச் சுற்றிய தோலில் ஈரப் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, உலர்த்தி, கெல்ன்ஹவுசனில் உள்ள செங்கன்பெர்க் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாளுக்குள் எடுத்தால் நல்லது. மழை பெய்தால் பெரும்பாலும் வீண்தான்.

முதலில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது தாயிடமிருந்து மட்டும் குட்டிக்கு வரும் டிஎன்ஏ. செல்லுக்குள் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், கெட்டுப்போன மாதிரியிலும் ஓரளவு மிஞ்சும். ஓநாயா, நரியா, எந்தத் தாய்வழி என்பது தெரிந்துவிடும். எச்.டபிள்யூ.22 வகை வந்தால் இத்தாலிய வம்சம், ஆல்ப்ஸ் வழியாக வந்தது.

அடுத்து மைக்ரோசாட்டலைட்: ஒரே எழுத்துச் சேர்க்கை திரும்பத் திரும்ப வரும் துண்டு. எத்தனை முறை வருகிறது என்பது ஓநாய்க்கு ஓநாய் மாறும். ஒவ்வொரு துண்டுக்கும் இரு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று; அதனால் எண்ணும் இரண்டு. தாயிடம் 14–17, தந்தையிடம் 15–19 என்றால், குட்டிக்கு 14–19 வரலாம், 14–16 வராது. இப்படி டிஎன்ஏவில் 13 இடங்களைப் பார்த்தால், யாருமே கண்ணால் காணாத ஓநாய்க்கும் தாய் தந்தை யாரென்று சொல்லிவிடலாம். எத்தனை அழகான கணக்கு!

இதிலும் கோட்டைவிட ஓர் இடம் உண்டு. டிஎன்ஏ குறைவாக இருந்தால் இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகாமல் விட்டுப்போகும். 14–17 என்பது 14–14 போலத் தெரியும். காகிதத்தில் புதிய ஓநாய் ஒன்று பிறந்துவிடும். அதனால்தான் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். நேரமும் பணமும் இங்கேதான் செலவாகின்றன.

ஓநாய்களை யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள் என்ற வதந்தி ஜெர்மன் கிராமங்களில் இன்னும் ஓயவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போலந்து நோக்கிப் போகும் வம்சவரிசை அதற்கு நேரடியான பதில்.

பரவல், எண்ணிக்கை, வாழிடம், எதிர்கால வாய்ப்பு ஆகிய நான்கில் ஒன்று மோசமென்றாலும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓநாயின் நிலை மோசம்தான். 2025இல் ஒன்றியம் ஓநாயைக் கடும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து இறக்கியது. ஆனால் கண்காணிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. இந்த நேரத்தில் ஆய்வகப் பணத்தில் கைவைப்பது பெரும் தவறு. லோயர் சாக்சனியில் ஒரு குறிப்பிட்ட ஓநாயைச் சுட அனுமதி கொடுத்து, வேறொன்று சுடப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. ஆள் மாறிய விவரம் டிஎன்ஏ பார்த்த பிறகே தெரிந்தது.