குத்தாத ஊசிக்கும் குறைந்த இடுப்பு வலி

இடுப்பு வலிக்காரர்கள் யாரும் எடுத்தவுடனே அக்குபங்சருக்குப் போவதில்லை. தைலம், வலி மாத்திரை, எம்.ஆர்.ஐ., பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்து அலுத்த பிறகு, "சரி, இதையும் ஒருதரம் பார்த்துவிடலாம்" என்றுதான் போவார்கள். ஜெர்மனியிலும் அதே கதைதான். 2007-இல் முடிவுகள் வெளியான ஜெராக் என்ற அக்குபங்சர் ஆய்வில் சேர்ந்த 1,162 பேரும் சராசரியாக 8 ஆண்டுகளாக இந்த வலியோடு காலம் தள்ளியவர்கள்.

அந்த ஆய்வு பிறந்ததற்குக் காரணம் பணம். அக்குபங்சர் செலவைப் பொதுக் காப்பீட்டில் தரலாமா, கூடாதா என்று அங்கே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதனால் ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சீன மருத்துவம் சொல்கிற புள்ளிகளில், 5 முதல் 40 மில்லிமீட்டர் ஆழம்வரை ஊசி. இரண்டாவது குழுவுக்கு அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே தவிர்த்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சர். தனக்குக் கிடைப்பது எது என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது குழுவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான வைத்தியம். ஊசிக் குழுக்களுக்கு வாரம் இரண்டு என்று 10 சிட்டிங், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

ஆறு மாதம் கழித்து எண்ணினார்கள். சரியான இடத்தில் குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க குணம். தவறான இடத்தில் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களை வைத்து இரண்டு தரப்புமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். "மாத்திரையை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்பார் ஒருவர். "எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் புள்ளி, சக்தி ஓட்டம் எல்லாம் எதற்கு?" என்பார் இன்னொருவர். ஜெர்மன் காப்பீட்டுக்காரர்கள் இந்தத் தகராறில் இறங்கவில்லை. நோயாளிக்குப் பலன் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் 2007 முதல் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

போலி ஊசியும் தோலைத் துளைத்ததே, அதனால்தான் வேலை செய்ததோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் சியாட்டில், ஓக்லண்ட் பகுதிகளில் 638 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் அதற்குப் பதில் இருக்கிறது. அங்கே ஒரு குழுவுக்குத் தோலைத் துளைக்கவே இல்லை. ஊசியை வழிநடத்தும் சிறு குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்து, தட்டி, லேசாகத் திருகி எடுத்துவிட்டார்கள். குப்புறப் படுத்திருப்பவருக்கு ஊசி இறங்கியது போலவே இருக்கும். எட்டு வாரம் கழித்து, அன்றாட வேலைகளில் வலி தரும் சிரமத்தை மதிப்பெண் போட்டு அளந்தபோது, அசல் ஊசி போட்ட இரண்டு குழுக்களிலும் 4.4, 4.5 மதிப்பெண் குறைந்திருந்தது. பல்குச்சிக் குழுவிலும் 4.4. வழக்கமான வைத்தியத்தில் மட்டும் 2.1.

அப்படியானால் ஊசி உடம்புக்குள் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. அக்குபங்சர் ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு, முனை உள்ளே துளையில்லாமல் கூராக இருக்கும். அது தசையில் இறங்கித் திருகப்படும்போது ராட்டையில் நூல் சுற்றுவது போல இணைப்புத் திசுவின் இழைகள் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. ஊசியைப் பிடித்து இழுப்பதுபோல் மருத்துவர் உணர்வதும், நோயாளிக்கு மதமதப்பாகவும் கனமாகவும் தோன்றுவதும் அந்த நேரத்தில்தான். நரம்பு முனைகள் தூண்டப்பட்டுச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் முன்வைத்த கருத்துப்படி, முதுகுத்தண்டு எல்லா வலிச் செய்தியையும் அப்படியே மேலே அனுப்புவதில்லை. வேறு உணர்வுகள் வரும்போது சிலவற்றை அங்கேயே மறிக்கிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தானாகத் தேய்த்துவிடுவது அதனால்தான்.

வேதிப்பொருள்களும் உண்டு. 1970-களில் டொராண்டோவில் புரூஸ் பொமரான்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு மின்சாரம் இணைத்த ஊசி போட்டு வலி குறைவதைப் பார்த்தார். பிறகு உடம்பிலேயே சுரந்து வலி தணிக்கும் எண்டார்பின்களைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பலன் மறைந்தது. 2010-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு, எலியின் காலில் ஊசி திருகிய இடத்தைச் சுற்றி, வலியை மட்டுப்படுத்தும் அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடுவதைக் கண்டது. அடினோசினை ஏற்கும் ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ஊசியால் எந்தப் பலனும் இல்லை.

ஆனால் எலிக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்பதெல்லாம் கிடையாது. மனிதருக்கு உண்டு. கல்லுடைப்பவர் முதல் கணினி முன் உட்காருபவர் வரை நாள்பட்ட இடுப்பு வலி பெரும்பாலும் ஒரு டிஸ்க்கிலோ எலும்பிலோ முடிந்துவிடுவதில்லை. நாளாக நாளாக நரம்பு மண்டலமே வலிக்குப் பழகி, சின்னத் தூண்டலையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. ரேடியோவின் ஒலியைப் போல அந்த வலியைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்குத் தெரியும். அமைதியான அறை, அரை மணி நேரம் படுக்கை, பொறுமையாகக் கேட்டுக் கைவைத்துப் பார்க்கிற ஒருவர், இம்முறை சரியாகும் என்ற எதிர்பார்ப்பு இதெல்லாம் சேர்ந்து ஒலியைக் குறைக்கிறது. ஜெர்மனியில் மூன்றாவது குழுவில் விழுந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்: எட்டு வருடம் பார்த்து அலுத்த வைத்தியமே மறுபடியும். அவர்களின் 27 சதவீதத்தில் அந்த ஏமாற்றத்துக்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்.

39 ஆய்வுகளில் கலந்துகொண்ட 20,827 பேரின் தகவல்களைத் திரட்டி 2018-இல் வெளியான அலசல், அசல் ஊசிக்குப் போலியை விடச் சிறிய அனுகூலம் இருப்பதாகச் சொன்னது. சிறியதுதான், ஆனாலும் பூஜ்யம் இல்லை. இந்தச் சின்ன இடைவெளியை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. எந்த வைத்தியம் தரலாம் என்று இங்கிலாந்தில் வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2009-இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்து, 2016-இல் வேண்டாம் என்று திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020-இல் செலவை ஏற்க ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், போலியைத் தோற்கடித்ததா என்பது ஆராய்ச்சியாளரின் கேள்வி. வலிக்காரருக்கு வேண்டியது குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா என்பதே.

ஆபத்து குறைவு. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்தபோது 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. பெரும்பாலும் சின்ன ரத்தக்கசிவு, கன்றிப்போதல். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இருவருக்கு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ அக்குபங்சரை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல், நாடி பார்த்து விரலால் தொட்டு அனுப்பும் முறையையும் அக்குபங்சர் என்றே சொல்கிறார்கள். பல்குச்சிக்கே பலன் கிடைத்ததென்றால் விரலுக்குக் கிடைக்காதா என்று யாராவது கேட்கக்கூடும். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 10 சிட்டிங் படுத்து எழுந்தவர்கள், தங்கள் வழக்கமான மருத்துவத்தையும் தொடர முடிந்தவர்கள். சர்க்கரை நோய்க்கான மாத்திரையையும் நிறுத்து என்று சொல்கிறவரிடம் அந்தக் கணக்கு செல்லாது.

எத்தனை தடவை போவது? மெடிகேர் 90 நாளில் 12 சிட்டிங் வரை பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8, தெரியாவிட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கைக்காசு போட்டுப் போகிறவர்களுக்கும் இந்த வரம்பு பொருந்தும். வலி குறையும் வாரங்களில் நடையையும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியையும் ஆரம்பித்துவிடலாம். சும்மா படுத்திருந்தால் இடுப்புத் தசை இன்னும் இறுகும்.