கார்பன் தாளும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும்

வக்கீலாக நான் போட்ட முதல் விவாகரத்து மனுவை டைப் செய்தவர், சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டிருந்த ஜாப் டைப்பிஸ்ட். வருடம் 1996. நான் சீனியரிடம் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, கட்சிக்காரருக்கு ஒன்று, ஆபீஸ் காபி ஒன்று என்று நாலு தாள், நடுவே மூன்று கார்பன். அடித்து முடித்ததும் தாள்களைப் பிரித்துத் தட்டி அடுக்கிக் கொடுத்தவர், அந்த மூன்று கார்பன்களையும் மடித்து என் கையில் வைத்தார்.

"இது எதுக்குண்ணா?"

"புதுக் கார்பன்மா. லைட்ல புடிச்சுப் பாருங்க."

டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். கருநீலத் தாளில் எழுத்து விழுந்த இடமெல்லாம் வெளிறியிருந்தது. வரி வரியாக வாசிக்க முடிந்தது. கணவர் பெயர், கல்யாணம் நடந்த மண்டபம், அந்தப் பெண் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்ன ஒரு ராத்திரி, எல்லாம். பழைய கார்பன் என்றால் எழுத்து மேல் எழுத்து விழுந்து ஒன்றும் புரியாது. புதுசு அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். "ஃபேமிலி மேட்டர்னா கார்பன பார்ட்டிகிட்டயே குடுத்துடுவேன். நீங்களே கிழிச்சிடுங்கம்மா" என்றார். சேம்பருக்கு வந்து நானும் குமாஸ்தாவும் உட்கார்ந்து துண்டு துண்டாகக் கிழித்தோம். அன்று சாயங்காலம் வரை விரலெல்லாம் நீலம்.

எழுதும் கருவி எதுவானாலும், நாம் கொடுக்கும் தாளைத் தவிர இன்னொரு பிரதி எங்கோ தங்கிவிடுகிறது. அது யாரிடம் தங்குகிறது, எத்தனை நாளைக்கு என்று கேட்கும் பழக்கம் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் இருந்தது. கருவிகள் மாறிய வேகத்தில் அதைக் கைவிட்டுவிட்டோம். அதன் விளைவுகளைத்தான் இன்று என் மேஜைக்கு வரும் பல வழக்குகளில் பார்க்கிறேன்.

டைப்ரைட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. மில்வாக்கி நகரத்துப் பத்திரிகைக்காரரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868இல் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தை, துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று போனில் நாம் தட்டும் ஆங்கில எழுத்து வரிசை அதன் வழியில் வந்ததுதான். 26 எழுத்துள்ள மொழிக்கு அந்தப் பலகை போதும். தமிழுக்கோ 247 எழுத்து. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா அதற்கு வழி கண்டார். புள்ளி, விசிறி (ி) போன்ற குறிகளை அடிக்கும்போது தாளைத் தாங்கும் வண்டி நகராமல் நிற்கும். அதே இடத்தில் எழுத்தை அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றாக விழும். இந்த நகரா விசை இல்லாவிட்டால் தமிழில் ஒரு அரசாணையோ பிராதோ இயந்திரத்தில் அடித்திருக்க முடியாது.

நான் படித்தது புரசைவாக்கத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில். இங்கிலீஷுக்கு ஏ எஸ் டி எஃப், தமிழுக்கு ய ள ன க. மகளைக் காலேஜுக்கு அனுப்பத் தயங்கிய அப்பாக்கள்கூட தெருமுனை டைப்பிங் கிளாஸுக்கு ஒரு மணி நேரம் அனுப்பினார்கள். லோயர், ஹையர் என்று இரண்டு சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு அக்காக்கள் மூன்று பேர் அரசு வேலைக்குப் போனார்கள். ஒருவர் அந்தச் சம்பளத்தில் தம்பிகளைப் படிக்க வைத்தார். ஒரு இயந்திரம் சமுதாயத்தை மாற்றியது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அக்காவின் டிபன் கேரியர்தான்.

அந்த மெஷினுக்கும் கையெழுத்து உண்டு. ஒரு அச்சு தேய்ந்திருக்கும், ஒன்று சற்றே மேலேறி விழும். மொட்டைக் கடுதாசி எந்த மெஷினில் அடித்தது என்று நிபுணர்கள் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1952இல் சொல்லியிருந்தது. 1996இல் அதே நீதிமன்றம் ஏற்கலாம் என்று மாற்றித் தீர்ப்பளித்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிய சமயம் அது. கருவி வந்து, அதனால் வரும் சிக்கலும் வந்து, பல வருடம் கழித்துத்தான் சட்டம் வரும் என்பதற்கு என் ஜூனியர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

மற்ற சாதனங்களிடம் நம் ஜனங்கள் எவ்வளவு சூட்சுமமாக நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கார்டை தபால்காரரே படித்துச் சொல்வார் என்று தெரியும். அதனால் அதில் க்ஷேமம் மட்டும் எழுதுவார்கள். மாப்பிள்ளை வீட்டு விவகாரம் என்றால் இன்லேண்ட் லெட்டர், பசை போட்டு ஒட்டியது. தந்தியை இரண்டு ஊர் ஆபீஸிலும் ஆட்கள் படிப்பார்கள், நாலே வார்த்தை. அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. எஸ்டிடி பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் வெளியே வரிசையில் நிற்பவர் காது இங்கேதான் என்று குரலைக் குறைப்போம். எது மூடியது, எது திறந்தது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

போனில்தான் அது குழம்பிப்போனது. கைக்குள் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அதனால் இன்லேண்ட் லெட்டர் மாதிரி தோன்றுகிறது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தி வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அது அவருடைய போனில் இருக்கும் ஒரு ஃபைல். ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், ஃபார்வர்ட் செய்யலாம், கம்ப்யூட்டரில் இறக்கலாம்.

இறக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் ஏரியா ஜெராக்ஸ் கடை ஒன்றில் போன வருடம் ஒரு பத்திரத்தை பிரின்ட் எடுக்கப் போனேன். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க மேடம்." அனுப்பினேன். தம்பி அதைத் தேடி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தான். மானிட்டர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், யாரோ ஒருவரின் ஆஃபர் லெட்டர், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அவன் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டம் நிற்கும்போது யாரும் அழிக்கச் சொன்னதில்லை, அவனும் அழித்ததில்லை. மெஷின் பக்கத்தில் சரியாக விழாத காபிகள் ஒரு அட்டைப் பெட்டியில். அவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்பதை, சில மாதம் கழித்து பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் ஒருவரின் முகமும் 12 இலக்க எண்ணும் எண்ணெயில் நனைந்திருந்ததைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். தையல் யூனிட் வைக்க லோன் கேட்டிருக்கிறார். சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் அவர் வாங்கவே வாங்காத இரண்டு கடன் கட்டாமல் நிற்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தோம். அவரிடம் இருப்பது இரண்டு சிம், அவர் பெயரில் இருப்பது நாலு. அந்தத் தெரியாத நம்பர்களுக்குத்தான் கடனுக்கான ஓடிபி போயிருக்கிறது.

"ஆதார் காபி எங்கெல்லாம் குடுத்தீங்க? ஞாபகம் வர்ற வரைக்கும் சொல்லுங்கம்மா" என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். வீட்டு புரோக்கர். பழைய வீட்டு ஓனர். புது ஓனர். இரண்டு சிம் கடை. கேஸ் கனெக்‌ஷன். பெண்ணின் ஸ்கூல். திருப்பதியில் லாட்ஜ். நகைக் கடை. தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய இடம். மகளிர் குழு. பிரின்ட் எடுத்த கடைகள், எத்தனை என்று தெரியாது. பதினேழு வரி வந்தது. அவர் தாளைப் பார்த்தபடியே, "இதுல யார்னு மேடம் சந்தேகப்படறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்த நகல் வெளியே போனது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய் என் பட்டியலை எழுதினேன். இருபத்தி மூன்று வந்தது. சட்டம் படித்தவள் நான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உடனே கேட்பார்கள். அந்தரங்க உரிமை வழக்குகளில் முக்கியமான ஒன்று நம் ஊரிலிருந்தே போனது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழுக்கு எழுந்த தடை பற்றிய அந்த வழக்கில், ஒருவரைத் தன்போக்கில் இருக்க விடுவது அவர் உரிமை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகள் தங்களைப் பற்றி எழுதுவதை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்த்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. அதன் பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம், மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வரவேற்கிறேன். ஆனால் பெட்டியில் தாளாகவே கிடக்கும் ஜெராக்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் பொருந்தும். புரோக்கர் வீட்டு பீரோவுக்குள் அது எட்டாது.

ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெயரில் ஒரு அறிவிப்பு வந்தது. மக்கள் பதறியதும் இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பில் இருந்த யோசனை நல்ல யோசனை. கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். நான் இப்போது அதைத்தான் கொடுக்கிறேன். லாட்ஜில் ஒருமுறை முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். கைரேகையையும் கருவிழியையும் எம்-ஆதார் செயலியில் பூட்டி வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது திறந்தால் போதும்.

பிரின்ட் கடையில் காசு கொடுக்கும் முன், "தம்பி, என் ஃபைலை அழிச்சிடுப்பா, ரீசைக்கிள் பின்லயும், வாட்ஸ்அப்லயும்" என்று நின்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்கள் இலவசமாக ரிப்போர்ட் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்கள் கட்சிக்காரர் விஷயத்தில் அந்த விதியைச் சுட்டிக்காட்டிய கடிதத்துக்குப் பிறகுதான் பதில் வந்தது.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன், வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்காக. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்பார்கள். அப்படி ஒரு கைது இந்த நாட்டில் எந்தச் சட்டத்திலும் இல்லை. படித்தவர்கள், அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் கூட ஏமாறுவதற்குக் காரணம், பேசுபவன் முதலிலேயே அவர்கள் ஆதார் எண்ணையும் வீட்டு விலாசத்தையும் சரியாகச் சொல்லிவிடுகிறான். எங்கிருந்து கிடைத்தது என்று யோசிக்கத் தோன்றாது, பயம்தான் வரும். போனை வைத்துவிட்டு மகனையோ மகளையோ கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் காலை வக்கீலிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

வக்கீலிடம் வரும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் கொண்டுவராதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆதாரத்துக்கு 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், ஃபைலின் ஹாஷ் மதிப்போடு (ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மாறிவிடும் அடையாளக் குறி அது). அவமானமாக இருக்கிறது என்று சாட்டை அழித்துவிட்டு, போனை ரீசெட் செய்துவிட்டு வந்தவர்களுக்காக வாதாட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூலச் செய்தி அப்படியே இருக்கட்டும், போனும் இருக்கட்டும்.

பெரம்பூர் அம்மாவுக்கு இரண்டு கடனும் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கின, லோனும் கிடைத்தது. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், காலேஜ் ஹாஸ்டல் ஃபாரத்தைப் பார்த்துச் சொல்ல. ஆதார் நகலின் ஓரத்தில் அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள்: விடுதிச் சேர்க்கைக்கு மட்டும், தேதி, கையெழுத்து. "ஓரத்துல எழுதினா வெட்டிட்டு காபி போட்டுடுவாங்க கண்ணு. படத்து மேலயும் நம்பர் மேலயும் ஏறுற மாதிரி குறுக்க எழுது" என்றேன். நகலை வாங்கிக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இன்னொன்று எடுக்கக் கீழே போனாள்.