பிளக்கின் கழுத்தில் ஒரு வளையம்

பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஏறினால் கப்சாய் (மலேசியாவின் சிறிய மோட்டார் சைக்கிள்) இழுவை குறைந்து திணறுகிறது, எஞ்சின் சூட்டை எப்படி அளப்பது என்று பினாங்கு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டர் தலையின் செதில் தகடுகளை உரசிப்போகும் காற்றுதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மலையேற்றத்தில் எஞ்சின் முழுப்பலத்தோடு உழைக்கும். வண்டியோ ஊர்ந்துதான் போகும். காற்று போதாது. கோலாலம்பூர் நெரிசலிலும் காற்று வராததுதான் சிக்கல்.

தண்ணீர் தெளித்து 'சுர்' சத்தத்தை வைத்துச் சூட்டைக் கணிப்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். பரப்பு 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் போய்விட்டால், துளிக்கு அடியில் நீராவி மெத்தைபோல் பரவி அதைத் தாங்கும். துளி சத்தமில்லாமல் உருண்டோடும். சூடு மிகும்போது சத்தம் அடங்கிவிடுகிறது! அகச்சிவப்புத் துப்பாக்கியும் பளபளக்கும் அலுமினியத்தில் மிகக் குறைவாகவே காட்டும். வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்டை நாணயம் அளவு பூசி, அந்த இடத்தைக் குறிபார்த்தால் சரியாக இருக்கும். ஆனால் ஓட்டிக்கொண்டே அதைச் செய்ய முடியாது.

ஓட்டும்போது அளக்க, ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் உட்காரும் தெர்மோகப்பிள் வளையம் வேண்டும்; சூட்டு வேறுபாட்டை மின்னழுத்தமாக்கும் உணரி அது. K வகை என்று கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு கம்பிகள், இரண்டு உலோகக் கலவைகள்: குரோமெல், அலுமெல். பேட்டரி இல்லாமலே அவை மின்னழுத்தம் தருகின்றன. அந்த மின்னழுத்தம் வளையத்தின் நுனியில் பிறக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கம்பி நெடுக, சூடு படிப்படியாக இறங்கும் பகுதியில்தான் பிறக்கிறது. சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் எலக்ட்ரான்களின் துடிப்பு வேறு வேறு. அதனால் அவை கம்பிக்குள் சமமின்றிப் பரவுகின்றன. இரண்டு கம்பிகளும் ஒரே உலோகமாக இருந்தால் விளைவு ஒன்றையொன்று அடித்துவிடும். வேறு உலோகங்கள் என்பதால் மிச்சம் நிற்கிறது: டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்.

இந்த மிச்சம் சொல்வது வேறுபாட்டை மட்டுமே. பத்துமலையில் 272 படி ஏறினால் அடிவாரத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரியும்; கடல்மட்டத்திலிருந்து சொல்ல அடிவாரத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். கம்பிகளின் மறுமுனையில் உள்ள மீட்டருக்குள் இருக்கும் சின்ன உணரி அந்த அடிவாரத்தை, அதாவது மீட்டரின் சூட்டை, அளக்கிறது. சிலிண்டர் தலை 180 டிகிரி, மீட்டர் 32 டிகிரி என்றால் வருவது சுமார் 6 மில்லிவோல்ட். மீட்டர் தன் 32-ஐக் கூட்டிக்கொண்டு 180 காட்டும்.

1821-இல் தாமஸ் சீபெக் இரு உலோகங்களை வளையமாக்கி ஒரு சந்தியைச் சூடாக்கியபோது, பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. சூடு காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் தவறாகவே விளக்கினார். ஆனாலும் அந்த ஊசியின் அசைவுதான் இன்று நம் கைப்பிடிக்கு வந்திருக்கிறது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்குப் பணம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பொருத்துவது. இஎக்ஸ்5 பிளக்குக்கு 10 மில்லிமீட்டர் வளையம்; மற்ற வண்டிகளுக்கு 12 அல்லது 14. எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் வாஷரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வளையத்தைப் போடுங்கள். இரண்டையும் அடுக்கினால் பிளக் உயர்ந்து நிற்கும். சூடு கடத்துவதும் மாறும். 10 மில்லிமீட்டர் பிளக்கை 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் போதும். மீறினால் அலுமினிய மரை உரிந்துவிடும். கம்பியை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் பிளக் ஒயரிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள்; இல்லையென்றால் தீப்பொறியின் இரைச்சலில் எண் குதிக்கும்.

கம்பி எட்டவில்லை என்று செம்பு ஒயரை ஒட்டுவதுதான் பெரிய தவறு. ஒட்டுப்போட்ட இடம் எஞ்சின் பக்கத்தில் 60 டிகிரியில் இருந்தால், அடிவாரம் அங்கே நகர்ந்துவிடும். மீட்டரோ தன் 32-ஐத்தான் கூட்டும். உண்மையில் 180, காட்டுவது 152. எஞ்சினைச் சுற்றிச் சூடு ஏற ஏறப் பிழையும் வளரும். K வகை நீட்டிப்புக் கம்பியே வேண்டும். காந்தம் ஒட்டுவது அலுமெல், அதுவே எதிர்மின் (−) முனை. மாற்றி இணைத்தால் சூடு ஏற எண் இறங்கும்.

ஒரு வாரம் சமதளத்தில் ஓட்டி உங்கள் வண்டியின் வழக்கமான எண்ணைக் குறித்துவையுங்கள். அதே சாலையில், அதே வேகத்தில் ஒருநாள் எண் கூடினால், கார்புரேட்டர் ரப்பரில் காற்றுக்கசிவு, எண்ணெய்க் குறைவு, செதில்களில் சேறு ஆகியவற்றைப் பாருங்கள். மலையில் எண் ஏறிக்கொண்டே போனால் கியரைக் குறைத்து த்ராட்டிலைத் தளர்த்துங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்தியதும் எண் இன்னும் கொஞ்சம் ஏறும். காற்று நின்றுவிட்டது, உள்ளிருக்கும் சூடு வெளியே பரவுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். தலை வளையும், விரிசலும் விடலாம்.