மைக் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

போன ஜூலையில் மழை விடாமல் கொட்டிய ஒரு திங்கட்கிழமை, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா தன் மகளோடு ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தார். லேப்டொப்பைத் தலையணை உறைக்குள் போட்டு, அதன் மேல் பொலித்தீனைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு மறுநாள் காலை ஒன்லைனில் வேலை இன்டர்வியூ. கெமராவில் முகம் தெரிகிறது, ஆனால் பேசினால் எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்பதில்லை. ஏற்கெனவே வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். மதர்போட், அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை, போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது அந்த அக்காவின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தில் இருந்தது.

"தம்பி, இன்னைக்குப் பேரும் போச்சு. என்ன செலவு வரும்னு மொதல்லயே சொல்லிருங்க" என்றார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் கூலி.

லேப்டொப்பைத் திறந்தேன். எஃப் 4 பட்டனில் அரிசி அளவு கூட இல்லாத ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டனின் மேல், கோடு போட்ட மைக் படம். அதை ஒரு தடவை அழுத்தினேன், விளக்கு அணைந்தது. "பேசும்மா" என்றேன். அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொன்னதும் திரையில் குரலின் அளவைக் காட்டும் நீலக் கோடு துள்ளியது. வீட்டில் தம்பி விளையாடும்போது பட்டனை அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான்.

அந்த அக்காவின் ஒரு நாள் பேர், இரண்டு பேரின் பஸ் காசு, இரண்டு நாள் தூக்கம் எல்லாம் அந்த ஒரு விளக்குக்காகப் போயிருக்கின்றன. எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று என் கடைக்கு வரும் லேப்டொப்புகளில் பெரும்பாலானவற்றில் மைக் நன்றாகவே இருக்கிறது. டவுனுக்கு வர பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லயத்துப் பீலியில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயில், தண்ணீர் நின்றுவிட்டால் உடனே பீலியையா மாற்றுகிறோம்? ஊற்று வரைக்கும் ஏறி, குழாயைப் பார்த்துக்கொண்டே இறங்கி வருவோம். எங்கே கழன்றிருக்கிறது, எங்கே இலை அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் குரலுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. மைக்கின் சின்ன ஓட்டைக்குள் போய், வயர் வழியாக இறங்கி, விண்டோஸுக்குள் நுழைந்து, அங்கே அனுமதி வாங்கி, கடைசியில் ஸூமுக்கோ வட்ஸ்அப்புக்கோ போய்ச் சேர வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதைப் பார்க்க ஒரு சுலபமான இடம் இருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறவுங்கள். அதில் இன்புட் என்று ஒரு பகுதி வரும். அங்கே ஒரு கோடு இருக்கும். பேசும்போது அந்தக் கோடு ஏறி இறங்கினால் மைக்கும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு அதற்குப் பிறகு வரும் அனுமதியிலோ செயலியிலோ இருக்கிறது. அசையாமல் கிடந்தால் அதற்கு முன்னால், மைக் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு கோட்டைப் பார்க்காமலே மதர்போட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே இடத்தில், எந்த மைக் தெரிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று மைக் இருப்பது இப்போது சாதாரணம். லேப்டொப்பின் சொந்த மைக் ஒன்று, வெளியே பொருத்திய வெப்கெமரா மைக் இன்னொன்று, புளூடூத் ஹெட்செட் மைக் வேறு. நீங்கள் ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள், கணினியோ வெப்கெமராவைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று தெரிவாகியிருந்தால் கணினியில் ஓடும் பாட்டுதான் அடுத்தவருக்குக் கேட்கும், உங்கள் குரல் போகாது. சத்தத்தின் அளவு பூச்சியத்தில் இருக்கிறதா என்றும் பார்த்து, எண்பதுக்கு மேல் ஏற்றி வையுங்கள்.

கோடு அசைந்தாலும் அசையாவிட்டாலும் அனுமதியை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோபோன் என்று இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. மேலே உள்ள சுவிட்சை மட்டும் போட்டுவிட்டுப் பலர் வந்துவிடுகிறார்கள். கீழே இறங்கிப் போனால், டெஸ்க்டொப் செயலிகளுக்குத் தனியாக இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. ஸூம், குரோம் போன்றவை அந்தக் கணக்கில்தான் வரும். பெரிய அப்டேட் ஒன்று ஓடிய பிறகு இந்தச் சுவிட்ச் அணைந்து கிடந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். குரோமில் வகுப்பு எடுப்பவர்கள், மேலே முகவரி எழுதும் இடத்தின் இடது ஓரத்தில் உள்ள சின்னப் படத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். முதல் நாள் தெரியாமல் பிளொக் என்பதை அழுத்தியிருந்தால் அந்தத் தளம் மறுபடி உங்களைக் கேட்கவே கேட்காது.

ஸூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது மலையகத்துப் பிள்ளைகள் பலர் சிக்னல் தேடி மேட்டில் ஏறி, தேயிலை மலைக்கு நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு இதைப் பழகினார்கள். இப்போது டியூஷன், டிப்ளோமா, இன்டர்வியூ என்று பாதிக் காரியம் அதில்தான் நடக்கிறது. வகுப்புக்குள் நுழைந்ததும், கணினியின் ஒலியோடு சேரவா என்று ஸூம் கேட்கும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், உங்கள் காதும் வாயும் வெளியே நிற்கும். அடையாளம் சொல்கிறேன்: கீழே இடது மூலையில் மைக் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போன் படம் இருந்தால் இன்னும் ஒலியோடு சேரவில்லை என்று அர்த்தம். அதை அழுத்துங்கள், சரியாகிவிடும். மைக்கை மாற்ற வேண்டும் என்று வந்த ஒரு டீச்சருக்கு நான் செய்துகொடுத்தது இதை மட்டும்தான்.

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். காசு வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

உங்கள் போன் ஹெட்செட்டின் ப்ளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த 3.5 மில்லிமீட்டர் உலோகக் கம்பியில் கறுப்பு வளையங்கள் ஓடும். நகத்தால் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். இரண்டு வளையம் இருந்தால் அதில் மைக் கிடையாது, பாட்டுக் கேட்க மட்டும்தான். மூன்று வளையம் இருந்தால் மைக்கும் உண்டு. மூன்று வளைய ப்ளக்கைப் பழைய டெஸ்க்டொப்பின் பச்சைச் சொக்கட்டில் குத்தினால் கேட்கும், ஆனால் பேச முடியாது. ஏனென்றால் டெஸ்க்டொப்பில் பச்சை காதுக்கு, ரோஸ் நிறம் மைக்குக்கு என்று இரண்டும் தனித்தனி. ஒரு ப்ளக்கை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் ஒன்று எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கிறது, அது போதும். இரண்டு ப்ளக் உள்ள பழைய ஹெட்செட்டை ஒற்றைச் சொக்கட் லேப்டொப்பில் போடுபவர்களுக்கு இதற்கு நேர்மாறான, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வயர் வேண்டும். கடையில் கேட்கும்போது எது என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யாது. ப்ளக்கைக் குத்தியதும், என்ன பொருத்தினீர்கள் என்று சில லேப்டொப்புகள் கேட்கும். அங்கே ஹெட்போன் என்று அழுத்தாமல் ஹெட்செட் என்று அழுத்த வேண்டும்.

ஹெட்செட் மேல் சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி ஒரு போனில் போட்டு, குரலைப் பதிவு செய்து கேளுங்கள். போனில் கேட்டால் ஹெட்செட் நல்லது. யூஎஸ்பி மைக் என்றால் வேறு துவாரத்தில் மாற்றிக் குத்திப் பாருங்கள்.

அப்புறம், நமது சீதோஷ்ணம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் உடுப்பே காயாது. மற்ற மாதங்களிலும் பின்னேரமானால் மிஸ்ட் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். லயத்து வீட்டில் லேப்டொப் வைக்க இருக்கும் ஒரே மேசை அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். விறகுப் புகையின் கரியும் ஈரமும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படலமாகி, பெரும்பாலும் கெமராவுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இருக்கும் மைக் ஓட்டையை மெதுவாக மூடிவிடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது என்று சொல்பவர்களின் லேப்டொப்பில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். திரைக்கு மேல் ஒட்டிய ஸ்டிக்கரும் சில நேரம் அந்த ஓட்டையை மறைத்திருக்கும்.

இங்கே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ஊசியை உள்ளே விடாதீர்கள். போன வருடம் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, அழுக்கு அடைத்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, சேஃப்டி பின்னை உள்ளே விட்டுச் சுரண்டியிருக்கிறார். கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மைக்குக்குள் இருக்கும் அந்த மெல்லிய தகடு, முடியை விட மெல்லியது, கிழிந்து போயிருந்தது. நல்ல மைக் அந்த நிமிடத்தில்தான் செத்தது. வாயால் ஊதுவதும், காற்றுப் போத்தலை நேராகப் பிடித்து அடிப்பதும் அதே போல ஆபத்து. புதிய மென்மையான டூத்பிரஷ் ஒன்றை எடுத்து, ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி லேப்டொப்பைச் சாய்த்துப் பிடித்து, மேலோட்டமாகத் தட்டிவிடுங்கள், தூசு தானாக விழும். ஸ்பிரிட், தண்ணீர் எதுவும் வேண்டாம்.

சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் உம்ம்ம் என்று இரைச்சல் வந்து, கழற்றியதும் நின்றுவிட்டால் அது மைக்கின் குற்றம் இல்லை. பெரும்பாலும் எர்த் சரியில்லாத பிளக் பொயின்ட்டிலிருந்து வரும் இரைச்சல் அது. இன்டர்வியூ நேரத்தில் பேட்டரியில் ஓட்டிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பொயின்ட் உயிருக்கே ஆபத்து என்பதால், அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் காட்டுங்கள்.

உண்மையாகவே கெட்டுப்போனதற்கும் அடையாளம் உண்டு. மைக்கும் கெமராவும் ஒரே நாளில் போயிருந்தாலோ, மூடியை ஆட்டும்போது வந்து வந்து போனாலோ, பெரும்பாலும் மூடியின் கீல் வழியாகப் போகும் வயர்தான் அறுந்திருக்கும். அதை மாற்றலாம். ஆனால் எல்லோரும் மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு மட்டும் பாவிப்பவருக்கு யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றே போதும், செலவும் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த லேப்டொப்புகள் இங்கே நிறைய விற்கின்றன. சிலவற்றில், விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே மைக்கை அணைத்து வைத்திருப்பார்கள். விண்டோஸில் எவ்வளவு தேடினாலும் அப்படிப்பட்ட மைக் கண்ணுக்கே தெரியாது. பாவித்த லேப்டொப் வாங்கும்போது கடையிலேயே குரலைப் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மைக்கை விண்டோஸோடு இணைக்கும் சின்ன மென்பொருளான டிரைவரின் கோளாறாக இருக்கலாம் என்று தோன்றினால், கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மைக்ரோபோனை ஒரு தடவை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யுங்கள், பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய டிரைவர் வேண்டுமென்றால் லேப்டொப் தயாரித்த கம்பனியின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கூகுளில் தேடி, எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறேன் என்று வரும் மென்பொருளை மட்டும் இறக்கிவிடாதீர்கள். மைக்குக்காக அதை இறக்கி, கணினி முழுக்க விளம்பரமும் வைரஸும் நிறைந்து, கடைசியில் பிள்ளைகளின் படங்களையும் இழந்து வந்தவர்கள் உண்டு. போனில் பேசும் தெரியாத ஒருவர், நான் தூரத்திலிருந்தே சரிசெய்து தருகிறேன், இந்தச் செயலியைப் போட்டு அதில் தெரியும் நம்பரைச் சொல்லுங்கள் என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். அந்த நம்பரைச் சொன்ன நிமிடத்திலிருந்து உங்கள் கணினி அவர் கையில். அதே கணினியில் பேங்க் கணக்கும் திறந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அந்தக் கோடு அசையவில்லை என்றால் தாராளமாக ஒரு திருத்துபவரிடம் கொண்டு வாருங்கள். வரும்போது சார்ஜரையும் ஹெட்செட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்தச் செயலியில், எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று ஒரு துண்டில் எழுதி வந்தால் பாதி நேரம் மிச்சம். பாஸ்வேர்டை அந்தத் துண்டில் எழுத வேண்டாம், கடையில் நீங்களே அடித்துத் திறந்து கொடுங்கள். உங்கள் முன்னாலேயே அந்த நீலக் கோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.