தெசபரெசிதோ: காணாமல் போனவரா, ஆக்கப்பட்டவரா?

ஸ்பானிய மொழியில் 'தெசபரெசேர்' என்றால் மறைந்துபோதல். 'தோன்று' என்று பொருள்படும் லத்தீன் வழி வினையோடு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து வந்தது. அதிலிருந்து பிறந்த 'தெசபரெசிதோ'வைத் தொலைந்த பூனைக்குட்டிக்கும் சொல்லலாம். 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவம் பிடித்துப்போய், ரகசிய முகாம்களில் வதைத்துக் கொன்று, உடலையும் கொடுக்காமல் ஒழித்தவர்களின் பெயராக அது ஆகிவிட்டது. 1984-ல் விசாரணை ஆணையம் பதிவு செய்த எண்ணிக்கை 8,961. மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000.

ஆட்சித் தலைவர் விதேலா 1979-ல் நிருபர்களிடம், காணாமல் போனவர் செத்தவரும் இல்லை, உயிரோடு இருப்பவரும் இல்லை என்றார். செத்தார் என்றால் கொன்றது யார் என்ற கேள்வி வருமே! அக்கம்பக்கத்தார் 'போர் ஆல்கோ செரா', அதாவது 'ஏதோ காரணம் இருக்கும்' என்றார்கள். நம் 'நெருப்பில்லாமல் புகையுமா' மாதிரி. அந்தப் பேச்சுக்கும் அரசுக்கும் அஞ்சி, சில வீடுகளில் குழந்தைகளிடம் அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள்.

இதைவிடக் கொடியது இன்னொரு வீட்டு ரகசியம். முகாமில் பிறந்த குழந்தைகளையும் பெற்றோரோடு பிடிபட்ட சிறு குழந்தைகளையும் ராணுவ, போலீஸ் குடும்பங்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் பல நேரம் தாம் பெற்றதாகவே பதிந்து வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடும் பிளாசா தே மாயோ பாட்டிமார் அமைப்பின் கணக்கில் அப்படி ஏறக்குறைய 500 பேர். மரபணுச் சோதனையின் உதவியோடு 130-க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொலைந்தது தமக்கே தெரியாமல் பள்ளிக்கூடம் போய்வந்த இவர்களும் தெசபரெசிதோக்கள்தான்.

சரி, தமிழில்? 'காணாமல் போனோர்' திருவிழாவில் கைநழுவிய பிள்ளைக்குப் பொருந்தும். இங்கே அது செய்தவனைத் தப்பவிடுகிறது. ஸ்பானிய வினைக்கும் இதே குறை உண்டு. அதனால் 'லோ தெசபரெசியேரோன்', அதாவது 'அவனைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள்' என்று இலக்கணத்தை வளைத்துப் பேசினார்கள். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்கள் இலங்கைத் தமிழர். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்றே இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்த தாய்மாரின் சொல்லோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. அதுதான் சரியான இணை.

முன்னால் 'வலிந்து' சேர்ப்பதும் வழக்கம். எனக்கு அது மிகை. தானாக முன்வந்து என்ற பொருளும் அதற்கு உண்டு, 'ஆக்கப்பட்ட' என்பதிலேயே வன்முறை வந்துவிடுகிறது. செய்தவர் யாரென்று தெரிந்த இடத்தில் செயப்பாட்டு வினைகூட வேண்டாம். 'ராணுவம் அவளைக் காணாமல் ஆக்கியது' என்றே எழுதலாம்.