ரன்வே இன்கர்ஷன்: ஊடுருவலா, அத்துமீறலா, பிழைநுழைவா?

விமான ஓடுபாதையில் இருக்கக் கூடாத நேரத்தில் யாரோ எதுவோ இருந்துவிடுதலைக் குறிக்கும் ‘ரன்வே இன்கர்ஷன்’ என்ற தொடரைத் தமிழாக்க உட்காருகிறவர் கை முதலில் ‘ஓடுபாதை ஊடுருவல்’ என்றுதான் எழுதும். என் கையும் அப்படித்தான் எழுதியது. எழுதி முடித்துப் படித்தபோதே அது உறுத்தியது. ஊடுருவுகிறவன் எல்லை தாண்டி வருகிற பகைவன். அவனுக்கு ஒரு நோக்கமும் அதை மறைக்கும் திறமையும் உண்டு. விமானங்களுக்கு வானொலியில் அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தில், வழி தவறி ஓடுபாதையில் போய் நிற்கும் சிறுவிமானத்து மாணவ விமானிக்கோ, தாம் நிற்பது ஓடுபாதை என்பதே பல நேரம் தெரிவதில்லை.

சொல்லின் வேரைப் பார்த்தால் பகைமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பது விளங்கும். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே. ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். நாம் நாள்தோறும் புழங்கும் கரண்ட், கூரியர், கணினித் திரையில் துடிக்கும் கர்சர் ஆகிய மூன்றும் இந்த ‘ஓடுதல்’ வேரில் கிளைத்தவையே. உள்ளே ஓடிவருதல் என்ற பொருள் கொண்ட சொல், படைகள் ஓடிவந்த காலத்தில் படையெடுப்புக்கும் திடீர்த் தாக்குதலுக்கும் பெயராகி, அகராதிகளிலும் அப்படியே பதிந்துவிட்டது. விமானத் துறை அதைக் கடன் வாங்கியபோது தாக்குதலை விட்டுவிட்டு, உள்ளே வருதலை மட்டுமே எடுத்துக்கொண்டது.

ஐகாவோ என்று அழைக்கப்படும் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறை இதை வெளிப்படையாகக் காட்டுகிறது. விமானங்கள் இறங்கவும் ஏறவும் ஒதுக்கப்பட்ட பரப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒரு விமானமோ வாகனமோ ஆளோ தவறாக இருந்துவிடும் எந்த நிகழ்வும் இன்கர்ஷன்தான். மோதல் நேர வேண்டும் என்பதில்லை, மோதும் அபாயம் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் முன்பு அபாயம் விளைந்தால்தான் கணக்கில் சேர்த்தார்கள். 2007 அக்டோபரிலிருந்து அவர்களும் இந்த வரையறைக்கே மாறிவிட்டார்கள். ஆகவே வரையறையின் உயிர் ‘தவறாக இருத்தல்’ என்பதில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லும் அந்த உயிரைத்தான் பிடிக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு இந்தத் ‘தவறாக இருத்தலை’ விளக்கத் தேவையில்லை. கேட் போட்ட பிறகும், சைக்கிளைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கட்டைக்கு அடியில் நுழைகிறவருக்கு ரயிலின் மீது பகை எதுவும் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். ரயில் வராமலே போனாலும், கேட் போட்டிருக்கும்போது அவர் தண்டவாளத்தின் மேல் நின்றது தவறுதான். விமான நிலையத்தில் கட்டை கிடையாது. தரையில் குறுக்காக நான்கு மஞ்சள் கோடுகள் மட்டும் இருக்கும். விமானம் ஊர்ந்துவரும் பக்கத்தில் இரண்டு முழுக்கோடுகள், ஓடுபாதைப் பக்கத்தில் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடுகள்; அருகே சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண். விட்ட கோட்டுப் பக்கமிருந்து வெளியேறலாம்; முழுக்கோட்டுப் பக்கமிருந்து உள்ளே போகக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். விமானத்தின் மூக்கு மட்டும் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் தாண்டியதாகவே பொருள்.

பெரிய விமானத்தில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் வரைபடத்தையும் வானொலியையும் பார்த்துக்கொள்வார். சிறுவிமானத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கக் குனிந்த நொடியில் மஞ்சள் கோடு சக்கரத்துக்கு அடியில் போய்விடும். மீனம்பாக்கத்தைப் போல இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒன்றுக்குப் போகிறவர் மற்றொன்றைக் கடக்க வேண்டியும் வரலாம். அதனால்தான் கோபுரம் ‘ஓடுபாதைக்கு வெளியே நில்’ என்று சொன்னதும், விமானி அதை ஓடுபாதை எண்ணோடு திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. சும்மா ‘சரி’ என்றால் போதாது.

2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில் நேர்ந்ததை ‘ஊடுருவல்’ என்று சொல்லிப் பாருங்கள். அடர்ந்த மூடுபனியில் நான்கு பேருடன் ஊர்ந்த செஸ்னா சைட்டேஷன் என்ற சிறிய ஜெட், வடக்கு வழியில் போகச் சொன்னதற்குத் தெற்கு வழியில் திரும்பி, ஓடுபாதைக்குள் வந்துவிட்டது. அதே நேரத்தில் வேகமெடுத்து வந்த எம்டி-87 பயணியர் விமானம் அதன் மேல் மோதியது. தரையில் இருந்த நால்வர் உட்பட 118 பேர் இறந்தார்கள். தரை ரேடார் இயங்கவில்லை, வழிக் குறிகளும் தெளிவாக இல்லை. அந்த விமானிகள் எதையும் ஊடுருவவில்லை, வழி தெரியாமல் போனவர்கள்.

அப்படியானால் ‘அத்துமீறல்’ பொருந்துமே என்று தோன்றும். இதில் ‘அத்து’ என்பது எல்லை; அரபியின் ‘ஹத்’ நம்மிடம் வந்து இப்படியானது. சொல் அழகானதுதான், எனக்குப் பிடித்ததுங்கூட. ஆனால் 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மெட்ரோலைனர் என்ற சிறிய விமானம் ஓடுபாதையில் நின்றது கோபுரம் சொன்னதால்தான். அதே கட்டுப்பாட்டாளர் அதை மறந்து, போயிங் 737 ஒன்றை அதே பாதையில் இறங்கச் சொல்லிவிட்டார். 35 பேர் மாண்டார்கள். மெட்ரோலைனர் எந்த எல்லையையும் மீறவில்லை. ‘அனுமதியற்ற நுழைவு’ என்ற தொடரும் இதே இடத்தில் உடைந்துபோகிறது. அனுமதி இருந்தது, அனுமதிதான் பிழை.

எங்கள் வடசென்னைப் பேச்சில் இதற்கு நல்ல வினை ஒன்று உண்டு: ‘குறுக்கால பூந்துட்டான்’. புகுந்து என்பதுதான் பூந்து. அதிலிருந்து பெயர் செய்யலாம் என்று முயன்றால், ‘புகல்’ அடைக்கலமாகிவிடுகிறது. ‘பிழைப்புகவு’ என்றாலோ காதில் முதலில் விழுவது பிழைப்பு. ஆகவே ‘ஓடுபாதைப் பிழைநுழைவு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பிழை விமானியுடையதா, கோபுரத்துடையதா, வாகன ஓட்டியுடையதா என்று அது முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. இதன் உடன்பிறப்பான ‘எக்ஸ்கர்ஷன்’, அதாவது 2020இல் கோழிக்கோட்டில் நடந்ததுபோல விமானம் ஓடுபாதையை விட்டு வெளியே ஓடுதல், ‘ஓடுபாதை விலகல்’ என்று எளிதாகத் தமிழாகிவிடுகிறது. உள்ளே வருவதுதான் நமக்குச் சிக்கல்.

ஒன்றை மட்டும் இந்தச் சொல்லுக்குள் அடைக்க வேண்டாம். ஓடுபாதையில் நாய் ஓடினாலும் நுழைவுதானே என்று கேட்பார்கள். வரையறை விமானம், வாகனம், ஆள் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. நாயும் நரியும் பறவையும் வனவிலங்குக் கணக்கில் தனியே எழுதப்படுகின்றன.